பண்டைய கிரேக்கத் தத்துவத்தில் காதல் என்றால் என்ன? ஏழு வகைக் காதல் உண்டு என்பது உண்மையா?

முதலில் அந்த ஏழு வகைக் கணக்கை முடித்துவிடுகிறேன். ஈரோஸ், ஃபிலியா, ஸ்டோர்கே, அகாபே, லூடஸ், பிராக்மா, ஃபிலௌட்டியா என்று வரிசையாக எழுதி, ‘பண்டைய கிரேக்கர்கள் காதலை ஏழாகப் பிரித்தார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் படம் எனக்கும் வந்திருக்கிறது. எந்தக் கிரேக்கத் தத்துவஞானியும் இப்படி ஒரு பட்டியல் போடவில்லை. லூடஸ் கிரேக்கச் சொல்லே கிடையாது. ‘விளையாட்டு’ என்று பொருள்படும் லத்தீன் சொல். கனடாவின் சமூகவியலாளர் ஜான் ஆலன் லீ 1973இல் வெளியிட்ட நூலில், மனிதர்கள் காதலிக்கும் பாணிகளுக்குப் பெயர் வைத்தபோது அதை எடுத்துக்கொண்டார். அந்தப் பட்டியலின் முதல் நான்கை மட்டும் வைத்து நான்கு வகை என்று சொல்லும் கணக்கும் உண்டு; அது பரவியதற்கு 1960இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் எழுதிய நூல் பெரிய காரணம். தன்னலமற்ற அன்பைக் குறிப்பதாகச் சொல்லப்படும் அகாபே என்ற பெயர்ச்சொல் பழைய ஏதென்ஸின் எழுத்துகளில் அரிதிலும் அரிது. அதற்குப் பெருமை தந்தது பைபிளின் புதிய ஏற்பாடு.

கிரேக்கத் தத்துவம் நமக்கு விட்டுச்சென்றது ஒரு தீராத வழக்கு. காதல் என்பது நம்மிடம் இல்லாததைத் தேடும் பசியா? அல்லது இன்னொருவர் நன்றாக இருக்க வேண்டும் என்று அவருக்காகவே விரும்புவதா? பிளேட்டோ நிற்பது முதல் பக்கத்தில். அரிஸ்டாட்டில் நிற்பது இரண்டாவது பக்கத்தில். இப்படிச் சொல்வது கொஞ்சம் முரட்டுத்தனம்தான், ஆனாலும் நுழைவதற்கு இந்த வாசல் போதும்.

பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ என்ற நூலைத் தமிழில் ‘விருந்து’ என்பார்கள். ‘சேர்ந்து குடித்தல்’ என்பதே நேர்ப்பொருள். கி.மு. 416இல் நாடகப் போட்டியில் வென்ற அகத்தான் வீட்டில் நண்பர்கள் கூடுகிறார்கள். முந்தின நாள் குடியே இன்னும் தெளியவில்லை. ஆகவே இன்று அதிகம் குடிக்க வேண்டாம், ஆளுக்கு ஒரு முறை காதல் தெய்வமான ஈரோஸைப் புகழ்ந்து பேசலாம் என்று முடிவாகிறது. குழல் வாசிக்க வந்த பெண்ணை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். கூடியிருப்பவர்கள் அனைவரும் ஆண்கள். அவர்கள் பேசும் காதலும் பெரும்பாலும் வயது வந்த ஆணுக்கும் பதின்ம வயது இளைஞனுக்கும் இடையிலானது. இன்று நாம் ஏற்க முடியாத வழக்கம் அது. அதை மறைத்துவிட்டு இந்த நூலைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

கல்லூரிக் காலத்தில் இதை முதலில் படித்தபோது என்னைக் கட்டிப்போட்டது நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸின் பேச்சு. ஆதியில் மனிதர்கள் உருண்டையாக, நான்கு கை, நான்கு கால், இரண்டு முகத்தோடு இருந்தார்கள். தெய்வங்களையே எதிர்க்கத் துணிந்ததால் தெய்வங்களின் அரசனான சீயஸ் அவர்களை ஊறுகாய்க்குக் காய் அரிவதுபோல இரண்டாக அரிந்துவிட்டார். வெட்டுப்பட்ட பக்கத்துத் தோலை அப்பல்லோ என்ற தெய்வம் இழுத்து, சுருக்குப்பையின் வாயைக் கட்டுவதுபோல நடுவில் முடிந்தது, அதுதான் தொப்புள். அன்றுமுதல் ஒவ்வொரு பாதியும் தன் மறுபாதியைத் தேடி அலைகிறது. என் நெருங்கிய தோழியின் திருமண வரவேற்பில் மைக்கைப் பிடித்து இந்தக் கதையைத்தான் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆனால் அந்த நூலிலேயே இந்தக் கதைக்கு மறுப்பும் இருக்கிறது. அதை நான் அப்போது சரியாக உள்வாங்கவில்லை. சாக்ரடீஸின் முறை வரும்போது, மான்டினேயா ஊரைச் சேர்ந்த டயோட்டிமா என்ற பெண் தனக்குக் கற்றுத்தந்ததாக அவர் ஒன்றைச் சொல்கிறார். தன்னுடையது என்பதற்காக யாரும் எதையும் நேசிப்பதில்லை. கெட்டுப்போனது என்று தெரிந்தால் சொந்தக் கையையும் காலையும்கூட வெட்டியெறியச் சம்மதிக்கிறார்கள். மனிதர்கள் நேசிப்பது நன்மையை. அது எப்போதும் தங்களிடம் இருக்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். பேச்சு முடிந்ததும் அரிஸ்டோஃபனீஸ் பதில் சொல்ல வாயெடுக்கிறார். அந்த நேரம் பார்த்து வாசற்கதவை யாரோ பலமாகத் தட்டுகிறார்கள். அவருடைய பதில் கடைசிவரை நமக்குக் கிடைப்பதில்லை. இந்தக் கதவு தட்டலை பிளேட்டோ வேண்டுமென்றே அங்கே வைத்தார் என்றுதான் நான் நம்புகிறேன்.

டயோட்டிமா சொல்லும் ஈரோஸின் பிறப்புக் கதை எனக்கு உயிர். அழகின் தெய்வமான அஃப்ரோடைட்டி பிறந்ததைக் கொண்டாடும் விருந்தில் போரோஸ் மது மயக்கத்தில் தோட்டத்தில் தூங்கிவிடுகிறான். போரோஸ் என்றால் வழிவகை. வாசலில் பிச்சைக்கு வந்து நிற்கும் பெனியா, அதாவது வறுமை, அவனருகே போய்ப் படுக்கிறாள். அப்படிக் கருவானவன் ஈரோஸ். தாயைப் போலச் செருப்பும் வீடும் இல்லாமல் தெருவோரத்திலும் வாசற்படியிலும் படுப்பவன். தந்தையைப் போல அழகானதை எப்படியாவது அடைய வழி தேடுபவன். கையில் வருவதெல்லாம் ஒழுகிப்போய்விடும். ஒரே நாளில் செழிப்பான், சாவான், மறுபடி உயிர் பெறுவான். காதலித்தவர்கள் யாராக இருந்தாலும் இந்த ஆளை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பிறகு வருவதுதான் புகழ்பெற்ற ஏணி. ஓர் அழகிய உடலில் தொடங்கி, எல்லா அழகிய உடல்களுக்கும், அங்கிருந்து மனங்களுக்கும், நல்ல வழக்கங்களுக்கும் சட்டங்களுக்கும், அறிவுத்துறைகளுக்கும் ஏறி, கடைசியில் மாறாத ‘அழகு’ என்பதையே காண்பது. எவ்வளவு உயரம்! ஆனால் தொடங்கிய இடத்தில் இருந்த அந்த ஒரு மனிதர் என்ன ஆனார்? கிரெகரி விளாஸ்டோஸ் என்ற அறிஞர் 1973இல் வெளியான கட்டுரையில் பிளேட்டோ மீது வைத்த குற்றச்சாட்டு இதுதான்: அங்கே நேசிக்கப்படுவது மனிதரின் நற்பண்புகள் மட்டுமே, அந்த முழு மனிதர் நேசிக்கப்படவே இல்லை. அதில் பெரிய நியாயம் இருக்கிறது.

இருந்தாலும் கதவைத் தட்டியது யார் என்று பார்க்க வேண்டும். குடிபோதையில் தள்ளாடி வரும் அல்சிபியாடீஸ். அழகன், செல்வன், அடுத்த ஆண்டே ஏதென்ஸின் சிசிலிப் படையெடுப்புக்குத் தலைமை தாங்கப்போகிறவர்களில் ஒருவன். ஈரோஸைப் புகழ மாட்டேன், சாக்ரடீஸைத்தான் புகழ்வேன் என்கிறான். பனிக்கட்டியின் மேல் வெறுங்காலோடு நடந்தார். ஒரு யோசனையில் ஆழ்ந்து ஒரு பகலும் ஓர் இரவும் நின்ற இடத்திலேயே நின்றார். போரில் அல்சிபியாடீஸின் உயிரைக் காப்பாற்றினார். இப்படி அடுக்கிக்கொண்டே போய், காவிய வீரன் அகில்லீஸுக்கு ஒப்பாக ஒருவரைச் சொல்லலாம், ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸுக்கும் ஒப்பாக ஒருவரைச் சொல்லலாம், இந்த மனிதருக்கு ஒப்பு அன்றும் இல்லை, இன்றும் இல்லை என்கிறான். ஏணியின் இரண்டாம் படியில் ஓர் அழகும் இன்னோர் அழகும் ஒன்றுதான். இவனுக்கோ ஒரே ஒருவர். பிளேட்டோ இந்த இரண்டு பேச்சையும் அருகருகே வைத்துவிட்டு, எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் போய்விட்டார். கி.மு. 399இல் சாக்ரடீஸ் நஞ்சருந்திச் செத்தது தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்ட நூல் இது. அவரை இழந்த மாணவர்களில் பிளேட்டோவும் ஒருவர்.

இனி அரிஸ்டாட்டில். அவரை நான் தாமதமாகத்தான் படித்தேன். என் அப்பா கடைசி நான்கு ஆண்டுகள் நினைவு தப்பியிருந்தார். அம்மாவைப் பார்த்து ‘நீங்கள் யார்?’ என்று மரியாதையாகக் கேட்பார். நாற்பது ஆண்டுகள் ‘வா, போ’ என்று அழைத்தவர். அம்மா தன் பெயரைச் சொல்லிவிட்டு இட்லியைப் பிட்டு ஊட்டுவார். டயோட்டிமாவின் பசி, தேடல், ஏணி எதுவும் அந்த அறைக்குள் எனக்கு உதவவில்லை. தன்னிடம் இல்லாத எதையும் அம்மா அங்கே தேடவில்லை. மறுபாதிக் கதையும் உதவவில்லை, ஏனென்றால் மறுபாதிக்கு அம்மாவை அடையாளமே தெரியவில்லை.

அரிஸ்டாட்டிலின் ‘நிக்கோமாகிய அறவியல்’ பத்துப் பகுதிகள் கொண்டது. அதில் எட்டாவதும் ஒன்பதாவதும் முழுக்க ஃபிலியாவைப் பற்றியவை. ‘நட்பு’ என்று மொழிபெயர்ப்பது வழக்கம். ஆனால் பெற்றோர் பிள்ளை, கணவன் மனைவி, ஓர் ஊரின் குடிமக்கள் எல்லோரும் அதற்குள் வருவதால் ‘அன்பு’ அல்லது ‘கேண்மை’ பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. பயனுக்காக, இன்பத்துக்காக, நற்குணத்துக்காக என அவர் அதை மூன்றாகப் பிரிப்பது பலருக்கும் தெரியும். சேர்ந்து உப்பைத் தின்று தீர்க்கும் அளவுக்குப் பழகாமல் ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்று ஒரு பழமொழியையும் எடுத்துக்காட்டுகிறார். ஒருவருக்கு நல்லதை அவர் பொருட்டே விரும்ப வேண்டும் என்பது அவருடைய அடிப்படை.

நேசிக்கப்படுவதைவிட நேசிப்பதில்தான் ஃபிலியா இருக்கிறது என்பதற்கு அவர் காட்டும் சான்று தாய்மார்கள். சில தாய்மார்கள் தங்கள் குழந்தையை வேறொருவர் வளர்க்கக் கொடுத்துவிடுகிறார்கள். இன்ன குழந்தை தன்னுடையது என்று அவர்களுக்குத் தெரியும், குழந்தைக்குத் தெரியாது. அது நன்றாக வளர்வதைப் பார்த்தால் அவர்களுக்குப் போதும். திரும்ப நேசிக்கப்பட வேண்டும் என்று கேட்பதில்லை. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஃபிலியா இரு பக்கமும் இருக்க வேண்டும் என்று அதே நூலில் நிபந்தனை வைத்தவர் அவர். அந்த நிபந்தனைக்குள் இந்தத் தாய்மார்கள் அடங்கவில்லை. அடங்காவிட்டாலும் அவர்களை எழுதாமல் விட அவருக்கு மனம் வரவில்லை.

அரிஸ்டாட்டிலின் உயிலும் நமக்குக் கிடைத்திருக்கிறது. கிரேக்கத் தத்துவஞானிகளின் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதிய டயோஜெனீஸ் லெயர்ஷியஸ் அதைப் பாதுகாத்துத் தந்திருக்கிறார். கி.மு. 322இல் இறந்த அரிஸ்டாட்டில், மனைவி பித்தியாஸை அதற்குமுன்பே இழந்திருந்தார். பிறகு தன்னோடு வாழ்ந்த ஹெர்பில்லிஸுக்கு வீடும் பணமும் பணியாளர்களும் கிடைக்க அந்த உயிலில் ஏற்பாடு செய்கிறார். தன்னிடம் அவள் அன்பாக இருந்தாள் என்று காரணமும் எழுதுகிறார். அதே உயிலில் இன்னொன்றும் இருக்கிறது. தன்னை எங்கே புதைத்தாலும் பித்தியாஸின் எலும்புகளை எடுத்து அங்கேயே வைக்க வேண்டும், அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.