எம்.சி.பி. இருந்தும் ஷாக் அடிப்பது ஏன்?

கேள்வி: சார், வீட்டில் புதுசா வயரிங் செய்து, பழைய ஃபியூஸ் கேரியரை எல்லாம் எடுத்துவிட்டு எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழுந்து நிறுத்தும் சுவிட்ச்) போட்டோம். அப்படியும் கிரைண்டரில் மாவு தள்ளும்போது கையில் சுருக்கென்று அடிக்கிறது. செருப்புப் போட்டால் அடிப்பதில்லை. எம்.சி.பி. ஒரு தடவைகூட விழவில்லை. அது பழுதா?
- ஒரு வாசகி, செல்லூர், மதுரை

பதில்: முதலில் கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள் அம்மா, சரிபார்க்கும்வரை அதில் மாவு ஆட்டவே வேண்டாம். எம்.சி.பி. பழுதாக இருக்காது. அது காப்பாற்றுவது வயரை, ஆளை இல்லை. இதை விற்பவரும் சொல்வதில்லை, மாட்டுபவரும் சொல்வதில்லை, அதுதான் எனக்கு ஆதங்கம்.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைத் தாண்டிக் கரண்ட் ஓடினால்தான் விழும். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஈரக் கையும் வெறுங்காலுமாக நிற்கிற உடம்பின் தடை 1000 ஓம் என்று வைத்தால், வகுத்துப் பாருங்கள், 0.23 ஆம்பியர். ஒரு பழைய சீலிங் ஃபேன் இழுக்கிற அளவுகூட இல்லை, எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் அதில் பாதியே இதயத் துடிப்பைக் குலைக்கப் போதும். செருப்பு போட்டால் அந்தக் கரண்ட் தரைக்குப் போகும் வழி அடைபடுகிறது, அவ்வளவுதான். கோளாறு அப்படியேதான் இருக்கிறது.

மூன்று பின் பிளக்கில் தடிமனாக நீளமாக இருப்பது எர்த் பின். சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும், அதற்காகத்தான் அந்த நீளம். அதிலிருந்து போகும் பச்சை வயர் கிரைண்டரின் உடம்போடு சேர்ந்திருக்கும். மோட்டாரில் கசிகிற கரண்ட் உங்களைத் தேடி வராமல் அந்த வழியே மண்ணுக்குப் போய்விட வேண்டும். போகவில்லை என்றால் பச்சை வயர் எங்கோ விட்டிருக்கிறது, இல்லாவிட்டால் எர்த் குழி காய்ந்து கிடக்கிறது. நம்மூர் சித்திரை வெயிலில் மண் காயக் காயத் தடை ஏறும், குழியில் அடிக்கடி தண்ணீர் ஊற்றுங்கள். இன்னொன்றையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்: எர்த் இல்லாத வீடுகளில் சிலர் பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுகிறார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கிரைண்டர் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும்!

ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்கிற வேறொரு சுவிட்ச். பேஸில் (கரண்ட் வருகிற வயர்) போன கரண்ட் நியூட்ரலில் அப்படியே திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும், குறைந்தால் நொடியில் விழும். கடையில் 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். 100, 300 என்றும் கொடுப்பார்கள், ஆளைக் காப்பாற்ற அவை போதாது. அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள், விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஃபேன் சுவிட்சைப் போட்டால் 'ம்ம்' என்று இரைகிறது, சுற்றவில்லை. கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறது. புது ஃபேன்தான் வாங்க வேண்டுமா?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: வேண்டாம். கண்டென்சர் போயிருக்கும். ஒற்றை பேஸ் கரண்ட் தானாக மோட்டாரைச் சுழற்றிக் கிளப்பாது. மோட்டாருக்குள் இருக்கும் இரண்டாவது கம்பிச் சுற்றில் ஓடும் கரண்டை ஒரு எட்டு முன்னே தள்ளிக் கிளப்பிவிடுவது அந்தக் கண்டென்சர்தான். பெரும்பாலான சீலிங் ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட். பழையதில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள், பெரிதாகப் போட்டால் வேகம் கூடும் என்று மாற்றிப் போட்டால் சுற்று சூடேறும். கழற்றும் முன் மெயினை ஆஃப் செய்துவிடுங்கள்.