வேலை போனா திருட்டு கூடுமா?

கேள்வி: ரெசெஷன் (பொருளாதார மந்தம்) வந்தா வேலை போகும், வேலை போனா திருட்டு கொள்ளை கூடும்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அடிச்சு சொல்றாரு, நெசமா சார்? (வாசகர், ஈரோடு)

பதில்: முதல் பாதி சரி, ரெண்டாவது பாதி அவ்ளோ ஈஸி இல்லீங்க. 2008 செப்டம்பர்ல லேமன் பிரதர்ஸ்ங்கற பெரிய அமெரிக்க பேங்க் கவுந்துச்சு, அடுத்த வருஷம் அக்டோபர்ல அமெரிக்காவுல வேலையில்லாதவங்க 10 சதவீதம், இனிமே தெருவுக்கு தெரு வழிப்பறிதான்னு எல்லாரும் பயந்தாங்க, ஆனா அமெரிக்க மத்திய போலீஸ் எஃப்பிஐ கணக்குப்படி 2009ல கொலை, கொள்ளை, கார் திருட்டு எல்லாமே முந்தின வருஷத்தவிட குறைஞ்சுது! ஆளுங்க வீட்லயே கெடந்தா திருடன் எப்படி புகுவான்னு ஒரு கட்சி, விலைவாசி ஏறாததுதான் காரணம்னு இன்னொரு கட்சி. என் ஓட்டு ரெண்டாவதுக்கு. விலை ஏறுனாத்தானே திருட்டுச் சாமானுக்கு கிராக்கி?

போலீஸ் கணக்குல வராத அடிதான் பெருசு. அமெரிக்காவுல கடையில டி-ஷர்ட் விக்கலேன்னா இங்க உங்க பக்கத்துல திருப்பூர்ல ஆர்டர் குறையும், மொதல்ல ஓவர்டைம் போகும், வாரச் சம்பளம் சுருங்கும், சீட்டுப் பணம் நிக்கும், அப்புறம் கம்மல் அடகுக்கடைக்கு போகும், அதை மீட்கறதுக்குள்ள ஸ்கூல் ஃபீஸ் வந்துடும். இலங்கையில 2022 செப்டம்பர்ல விலைவாசி ஏற்றம் 70 சதவீதம் கிட்ட போச்சு, வேலைல இருந்தவங்களே சாப்பாட்டை குறைச்சாங்க.

கேள்வி: அப்போ இப்ப இஎம்ஐல பைக் எடுக்கலாமா? (அதே வாசகர்)

பதில்: சம்பளம் இல்லாம ஆறு மாசம் வீடு ஓடுமா? ஓடும்னா எடுங்க. இல்லேன்னா பழைய வண்டிக்கு செயினை மாத்துங்க.