அந்த வீட்டுக்கும் துக்கம் விசாரிக்கப் போங்கள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். என் மாமனாருக்கு 74 வயது, ரிட்டயர்டு ஆசிரியர். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து ஓய்ந்த மறுநாள், எங்கள் தெருவில் சாய்ந்து கிடந்த வேப்பமரத்தடியில் முனகிக்கொண்டிருந்த ஒரு நாட்டு நாய்க் குட்டியை அவர்தான் தூக்கி வந்தார். செவலை என்று பெயர் வைத்து 13 வருஷம் வளர்த்தார். மாமியார் தவறிய பிறகு அவருக்குத் துணை என்றால் அதுதான். போன மாதம் செவலை செத்துப்போச்சு, வயசாகித்தான். அன்றிலிருந்து மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை, காலையில் நடக்கப் போவதும் நின்றுவிட்டது, திண்ணையில் உட்கார்ந்து தெருவையே பார்க்கிறார். என் நாத்தனார் போனில் "ஒரு நாய்க்காகவாப்பா இப்படி?" என்று கேட்டதிலிருந்து வாயே திறப்பதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு லாப்ரடார் குட்டி வாங்கிக் கொண்டுவந்து கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்கு அவரிடம் என்ன பேசுவதென்றே தெரியவில்லை.
— வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: முதல் வேலையாக அந்த லாப்ரடாரை நிறுத்தி வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன், ஆனால் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து நிற்கப்போகிறார் உங்கள் கணவர், அதனால்தான் அதை முதலில் சொல்கிறேன்.

அப்புறம் அந்த "ஒரு நாய்க்காகவா". உங்கள் நாத்தனார் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார், அப்பா இப்படி இருக்கிறாரே என்ற பயத்தில் வந்த வார்த்தையாக இருக்கும். ஆனால் அது போய் விழுந்த இடம் மோசமான இடம். 2022 நவம்பர் 30 காலை புதுச்சேரியில் மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி நடைப்பயிற்சிக்குப் போன வழியில் சுருண்டு விழுந்து இறந்ததே, அன்றைக்கு அந்த ஊர் எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்கு மறக்காது. மாலையோடு வந்தவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், நடுரோட்டில் நின்று வாய்விட்டு அழுதவர்கள். அன்றைக்கு யாராவது "ஒரு யானைக்காகவா?" என்று கேட்டார்களா? கேட்கவில்லை, ஏனென்றால் லட்சுமியை ஊருக்கே தெரியும், தும்பிக்கையால் ஆசீர்வாதம் வாங்காத தலை அங்கே குறைவு. செவலையை உங்கள் மாமாவுக்கு மட்டும்தான் அப்படித் தெரியும். ஆயிரம் பேர் சேர்ந்து தாங்கிய அதே துக்கத்தை அவர் தனி ஆளாகத் தாங்கிக்கொண்டிருக்கிறார், அதோடு வெட்கம் வேறு சேர்ந்துகொண்டது. ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று ஒன்று உண்டு என்று கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் எழுதினார். இழந்ததும் நிஜம், வலியும் நிஜம், ஆனால் அழுவதற்கு மற்றவர்கள் இடம் கொடுப்பதில்லை. வளர்த்த பிராணி செத்துப்போனால் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

நம் ஊரில் சாவு விழுந்த வீட்டுக்குப் போனால் என்ன செய்கிறோம்? ஆறுதலாக நாலு நல்ல வார்த்தை யாருக்கும் வராது. போய் உட்காருகிறோம், "எப்படி ஆச்சு?" என்று கேட்கிறோம். அவர்கள் முதலிலிருந்து சொல்வார்கள். ராத்திரி ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாங்க, விடியக்காலை மூச்சு வாங்குச்சு, ஆட்டோவைக் கூப்பிடுறதுக்குள்ள... அடுத்து வருகிறவர் கேட்பார், மறுபடி முதலிலிருந்து. இப்படி அம்பது பேரிடம் சொல்லிச் சொல்லித்தான் நடந்தது நடந்துவிட்டது என்று மனசு நம்பத் தொடங்குகிறது. துக்கம் விசாரிக்கும் பழக்கத்தை விடப் பெரிய வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் மாமாவிடம் "செவலைக்கு எப்படி ஆச்சு?" என்று இதுவரை எத்தனை பேர் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்? ஒருத்தரும் இருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த ஆள் நீங்களாக இருங்கள். இன்றைக்குச் சாயங்காலம் ரெண்டு டம்ளரில் காபி போட்டு எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போங்கள், அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள், கொஞ்ச நேரம் சும்மாவே இருங்கள். பிறகு பெயரைச் சொல்லியே பேசுங்கள். "செவலை இல்லாம வாசலே வெறிச்சோடிக் கிடக்கு மாமா" என்றால் போதும். பேர் சொன்னால் அழுதுவிடுவாரோ என்று வீட்டில் எல்லோரும் அந்தப் பேரையே விட்டுவிட்டிருப்பீர்கள். அவர் அழுதால் அழட்டும், நீங்கள் எழுந்து போகாமல் இருங்கள், அதுதான் முக்கியம். பேச்சு வரவில்லையா, புயலுக்கு மறுநாள் கதையைக் கேளுங்கள். நீங்கள் நூறு தடவை கேட்ட கதையாகவே இருந்தாலும் கேளுங்கள். கரண்ட் இல்லாமல், தண்ணீர் இல்லாமல், ஊரே மரத்தை வெட்டி வழி எடுத்துக்கொண்டிருந்த நாளில் ஒரு குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாரே, அது அவர் வாழ்க்கையில் சின்ன விஷயமா என்ன.

சொல்லக் கூடாதவை என்றால், "வயசாச்சு, போக வேண்டியதுதானே", "வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்ற ரெண்டும் உங்களுக்கே தெரிந்திருக்கும். மூன்றாவது ஒன்று, நல்லது சொல்வதாக நினைத்துச் சொல்லிவிடுவார்கள்: "இனிமே நிம்மதியா வெளியூர் போய் வரலாம்ப்பா." அதைக் கேட்டால், செவலை ஒரு பாரமாக இருந்தது என்றுதான் இந்த வீடு நினைத்துக்கொண்டிருந்ததா என்று அவருக்குத் தோன்றும்.

குழாயடியில் அதன் அலுமினியத் தட்டு கிடக்கும், விளிம்பெல்லாம் பல் பட்டு நெளிந்திருக்கும். வாசல் ஆணியில் சங்கிலி தொங்கும். வீட்டைச் சுத்தம் செய்கிற நல்லெண்ணத்தில் யாராவது அதைக் கழுவிப் பரணில் போட்டுவிடுவார்கள். விடாதீர்கள். எப்போது எடுக்கலாம், எங்கே வைக்கலாம் என்பதை அவர் சொல்லட்டும்.

காலை நடை நின்றதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் போய் வருவாராக இருக்கும், வழியில் டீக்கடையில் தனக்கு ஒரு டீ, அதற்கு ஒரு பொறை. இப்போது அந்தக் கடையைத் தாண்டவே அவருக்குத் தயக்கம் இருக்கலாம், "எங்க சார், செவலையைக் காணோம்?" என்று கடைக்காரர் கேட்டுவிடுவார் என்று. உங்கள் கணவர் குட்டி தேடி அலைகிற நேரத்தில் அந்த டீக்கடைக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வரட்டும். மறுநாள் காலை அப்பாவோடு அவரே நடக்கட்டும், ஒன்றிரண்டு வாரத்துக்காவது. வழியில் பேசவே வேண்டாம். நாயைக் கூட்டிப்போவதாகத்தான் இத்தனை வருஷம் நாம் நினைத்தோம், அந்த நாய்தான் ஒரு வயசான மனிதரைத் தினமும் விடியலில் எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. அது நின்றதால் சர்க்கரை, பிரஷர், தூக்கம் எல்லாம் ஆட்டம் காணும், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் வந்துபோகிறது உங்கள் மாமியார். மனைவி போனபோது அவர் எப்படி இருந்தார் என்று யோசித்துப் பாருங்கள். பந்தல், சொந்தக்காரர், காரியம், பதினாறாம் நாள் என்று அலைந்ததில் அவர் சரியாக அழுதே இருக்க மாட்டார். அந்த அம்மா கையால் சோறு தின்ற கடைசி ஜீவன் செவலை. இப்போது ரெண்டு பேருக்கும் சேர்த்து அழுகிறாரோ என்னவோ. பேச்சு அந்தப் பக்கம் போனால் தடுக்காதீர்கள்.

குற்ற உணர்வும் இருக்கும். முன்னாலேயே டாக்டரிடம் காட்டியிருந்தால் என்று ஏதாவது ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா" என்று உடனே மூடாமல், முழுதாகச் சொல்ல விடுங்கள். அப்புறம் சொல்லலாம், நாய்கள் வலியை வெளிக்காட்டாமல் மறைக்கும், சிறுநீரகம் கெட்டால்கூட முக்கால்வாசி போன பிறகுதான் வீட்டாருக்கே தெரியவரும், 13 வயது ஒரு நாட்டு நாய்க்கு நிறைந்த வயது என்று.

அவர் ஆசிரியர் என்பதால் ஒரு யோசனை. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு கவரும் சண்டையில் இறந்த வீரனுக்கு எடுத்த கல். அதில் அவனோடு நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், அது கள்ளனைக் கடித்துக் காவல் நின்றதையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு! விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைச் சேவலுக்கே நடுகல் உண்டு. இதை அவரிடம் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு நாள் வண்டி வைத்து எடத்தனூருக்குக் கூட்டிப் போங்கள். நாய்க்காக அழுவது தனக்கு வந்த கிறுக்கு இல்லை, இந்த மண்ணில் கல் நட்டு அழுதிருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். செவலையைப் புதைத்த இடத்தில் ஒரு செடி வைப்பதோ, ஒரு நாள் தெரு நாய்களுக்குச் சோறு போடுவதோ அவருக்குப் பிடிக்கிறதா என்றும் கேளுங்கள்.

நாத்தனாரிடம் உங்கள் கணவர் பேசட்டும். மன்னிப்பெல்லாம் கேட்கத் தேவையில்லை. மறுபடி போன் பண்ணி, "செவலையை நினைச்சுக்கிட்டேன்ப்பா, கடைசி நாள்ல என்ன ஆச்சு?" என்று கேட்டாலே போதும்.

இப்போது லாப்ரடார். வளர்ந்தால் 30 கிலோ வரும், இழுத்தால் 74 வயசு மனிதர் கீழே விழுவார், அது ஒன்று. அதைவிட, கேட்காமல் கொண்டுவந்து மடியில் போட்டால், "செவலையை மறந்துவிடு" என்று வீடே சொல்வதாகத்தான் அவருக்குப் படும், அந்தக் குட்டி மேல் பாசம் வைக்கவும் முடியாது, விரட்டவும் முடியாது. என்றைக்காவது அவரே வாயைத் திறந்து கேட்டால் அப்போது பார்க்கலாம். கேட்காமலே போனாலும் சரி.

சில வாரத்தில் மெல்ல மெல்லத் தெளிவார் என்று நினைக்கிறேன். சாப்பாடும் தூக்கமும் இறங்கிக்கொண்டே போனாலோ, "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு வந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே, இலவசமாக, எந்த நேரமும் மனநல ஆலோசகரிடம் பேசலாம். நீங்களே முதலில் பேசி யோசனை கேட்கலாம்.

கேள்வி: எங்கள் பூனை வண்டியில் அடிபட்டுச் செத்துவிட்டது. 7 வயசு மகள் பள்ளியில் இருந்த நேரத்தில் புதைத்துவிட்டோம். பூனை ஊருக்குப் போயிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறோம். தினமும் தட்டில் பால் ஊற்றி வைக்கிறாள், எறும்பு மொய்க்கிறது. எனக்குத் தாங்கவில்லை.
— வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அவள் ஒரு தட்டுப் பாலோடு வாசலில் காத்திருக்கிறாள். செத்தது திரும்பி வராது என்பது 7 வயசில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித் தெரிந்துகொண்டால் பூனைக்காக ஒரு அழுகை, அப்பா பொய் சொன்னதற்கு ஒரு அழுகை.

"செத்துப்போச்சு" என்றே சொல்லுங்கள். தூங்குகிறது என்று சொன்னால் ராத்திரி கண்ணை மூடப் பயப்படுவாள், சாமி எடுத்துக்கிச்சு என்றால் அடுத்து யாரை எடுக்கும் என்று கேட்பாள். மடியில் உட்கார வைத்து, "பூனை மேல வண்டி மோதிடுச்சு பாப்பா, அடி பலமா பட்டதால அது செத்துப்போச்சு, நீ ரொம்ப அழுவியேன்னு அப்பா அன்னைக்கே சொல்லல" என்று சொல்லுங்கள். காயத்தை எல்லாம் வர்ணிக்க வேண்டாம். கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில், அதே கேள்வியை நாளைக்கும் கேட்பாள், அதே பதில். "நான் கதவைத் திறந்து வச்சதாலயா?" என்று எப்போதாவது கேட்டாளானால் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பேசுங்கள், பிள்ளைகள் வெளியில் சொல்லாமல் பழியைத் தம் மேல் போட்டுக்கொள்வார்கள்.

புதைத்த இடத்தைக் காட்டுங்கள், பூ வைக்கட்டும், படம் வரைந்து வைக்கட்டும். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு விளையாட ஓடிவிடுவாள், மறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளைகள் அப்படித்தான் விட்டுவிட்டு அழுவார்கள். உங்களுக்கும் கண் கலங்கினால் மறைக்க வேண்டாம்.

கேள்வி: தம்பி வாங்கி வந்த 3 மாத நாய்க்குட்டி பார்வோ என்கிற வாந்தி, பேதி வைரஸ் நோய் வந்து செத்தது. தடுப்பூசியை அடுத்த மாதம் போடலாம் என்று தள்ளிப் போட்டது அவன்தான், என்னால்தான் என்று அழுகிறான். உடனே வேறு குட்டி வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா?
— வாசகி, அரியாங்குப்பம்

பதில்: "உன் தப்பே இல்லை" என்று சொல்லாதீர்கள், நம்ப மாட்டான். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்க நிறைய வாய்ப்பு இருந்தது என்பது அவனுக்கே தெரியும். "தள்ளிப்போட்டே, ஆமா. இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே தூக்கிட்டு ஓடியிருப்பேன்னு எனக்குத் தெரியும்டா. வாந்தியும் பேதியுமா கிடந்தப்ப பக்கத்துலயே கிடந்தது நீதான்" என்று சொல்லுங்கள், அது ரெண்டுமே உண்மை, உண்மையைத்தான் அவன் பிடித்துக்கொள்ள முடியும்.

வேறு குட்டி இப்போது வேண்டவே வேண்டாம், அவன் மனசுக்காக மட்டுமில்லை. பார்வோ கிருமி வீட்டுத் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்கும். சாதாரண ஃபினாயில் அதற்குப் போதாது. தரை, தட்டு, சங்கிலி எல்லாவற்றையும் நன்றாகக் கழுவிவிட்டுப் பிளீச்சிங் கரைசல் போட்டுப் பத்து நிமிஷம் ஊற விட வேண்டும், படுத்திருந்த சாக்கை எரித்துவிட வேண்டும், தோட்டத்து மண்ணை ஒன்றும் செய்ய முடியாது. பிற்பாடு அவனே ஆசைப்பட்டால், முழுசாக ஊசி போட்டு முடித்த, கொஞ்சம் வளர்ந்த நாயாகப் பாருங்கள். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3, 4 வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரைக்கும். குருமாம்பேட்டில் இருக்கிற ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அவனையே அனுப்பி, எந்த ஊசி எப்போது என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.