ஹாஸ்டலில் எல்லோரோடும் ஒத்துப்போக என் ஊர்ப் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

கிண்டல் செய்கிறார்கள், அதனால்தானே கேட்கிறீர்கள்? எனக்கும் நடந்தது.

கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து புதுச்சேரிக்குப் படிக்க வந்தேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். அறையில் ஒருத்தி நெல்லை, ஒருத்தி சென்னை. முதல் மாதமே ஆயா என்னைப் பார்க்க வந்தாள், ஒரு தூக்கு நிறைய அவித்த மல்லாட்டையோடு. "எங்க ஆயா" என்றேன். "உங்க வீட்ல வேலைக்கு ஆள் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் நெல்லைக்காரி. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்கு ஆயா என்றால் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர். மல்லாட்டைக்கு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு நிமிடம்தான். அதை மூன்று வருடம் சுமந்தது நான்.

ஆயாவைப் பாட்டி என்றும் மல்லாட்டையை வேர்க்கடலை என்றும் சொல்ல நாக்கைப் பழக்கினேன். பொங்கல் லீவில் வீட்டுக்குப் போனபோது, "பாட்டி, வேர்க்கடலை இருக்கா?" என்று வாயில் வந்துவிட்டது. புடைத்துக்கொண்டிருந்த ஆயா முறத்தைக் கீழே வைத்தாள். "யாரூட்டுப் புள்ள நீ?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு.

வேர்க்கடலை தப்பு என்று நான் சொல்லவில்லை, சென்னைக்காரர்கள் சண்டைக்கு வராதீர்கள். மல்லாட்டையும் ஒன்றும் சங்கத்தமிழ் இல்லை, மணிலாக்கொட்டை தேய்ந்து வந்ததுதான். பயிரோ தென் அமெரிக்காவில் பிறந்தது, பெயர் பிலிப்பைன்ஸ் நாட்டு ஊருடையது. எங்கள் கொல்லையில் ஊன்றியபிறகு எங்கள் சொல்லாகிவிட்டது.

ஊர் என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சல். கடலூர் என்று சொன்னால், "ஓ, பாண்டி பக்கமா?" என்பார்கள். பக்கமாம்! மாவட்டத் தலைநகர் ஐயா அது. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், இப்படி ஏதாவது வந்தால்தான் டிவிக்காரர்களுக்கு எங்கள் ஞாபகமே வரும். தானேயில் எங்கள் முந்திரித்தோப்பு மொத்தமும் சாய்ந்தது. சரி, அதை விடுங்கள்.

நேர்முகத் தேர்விலும் வகுப்பிலும் எல்லோருக்கும் புரிகிற சொல்லையே பேசுங்கள், நானும் அப்படித்தான். ஆயாவை மட்டும் பாட்டி ஆக்காதீர்கள். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அப்புறம், போன மாதம் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் பழக்கதோஷத்தில் "வேர்க்கடலை படி எவ்வளவு?" என்று கேட்டேன். வெளியூர் என்று நினைத்துவிட்டார் அந்த அம்மா. எனக்குப் பின்னால் வந்தவர் "மல்லாட்டை எவ்ளோம்மா?" என்றார். அவருக்குப் பத்து ரூபாய் கம்மி.