சிறுநீரகக் கட்டிக்கு ரோபோ அறுவை: வயிற்று வழியா, பின்வழியா?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு வலது சிறுநீரகத்தில் 3.5 செ.மீ. கட்டி. கட்டியை மட்டும் ரோபோ மூலம் எடுக்கலாம் என்கிறார்கள். வயிற்று வழியாக என்கிறார் ஒருவர், முதுகுப் பக்கமாக என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

பதில்: இருவர் சொல்வதும் செய்யக்கூடியதே. சி.டி. அறிக்கையில் கட்டி முன்புறமா, பின்புறமா என்று பாருங்கள். முன்புறக் கட்டிக்கு வயிற்று வழி ஏற்றது. இடம் தாராளம், தையல் ஊசியை எந்தக் கோணத்திலும் திருப்பலாம். ஆனால் பெருங்குடலை விலக்க வேண்டும். வலப்பக்கம் என்பதால் கல்லீரலைத் தூக்கிப் பிடிக்கவும் பெரும்பாலும் ஒரு துளை கூடும். பின்புறக் கட்டிக்கு அதே வழியில் போனால் சிறுநீரகத்தை முழுக்க விடுவித்துப் புரட்ட வேண்டிவரும். முதுகுப் பக்கமாகப் போகும் பின்வழியில் குடலைத் தொடவே வேண்டாம். சிறுநீரகத் தமனியும் சீக்கிரம் கைக்கு எட்டும். புற்றை முழுதாக நீக்குவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கட்டி பின்புறம் இருந்து, அந்த வழியில் பழகிய மருத்துவரும் கிடைத்தால், நான் பின்வழியைத்தான் சொல்வேன்.

கேள்வி: எனக்கும் சிறுநீரகத்தில் கட்டி. ஏற்கெனவே குடலில் இரண்டு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. எனக்கும் பின்வழிதானே?

பதில்: பெரும்பாலும் ஆமாம். பழைய தழும்பால் குடல் ஒட்டிக் கிடக்கும். அதைப் பிரிக்கும்போது கிழிய வாய்ப்புண்டு. இதற்கு நேர்மாறு, முன்பு விலாவுக்குக் கீழே திறந்து சிறுநீரகக் கல் எடுத்தவர்கள். அவர்களுக்கு ஒட்டல் பின்புறம்தான் இருக்கும். வயிற்று வழியே நல்லது.

கேள்வி: யூராலஜி பயிற்சியில் இருக்கிறேன், சார். பின்வழியில் ரோபோ கைகள் மோதிக்கொள்கின்றன, பாதியில் இடமும் சுருங்கிவிடுகிறது. எங்கே தவறுகிறது?

பதில்: நோயாளியைப் படுக்க வைப்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. முழுப் பக்கவாட்டில், 90 டிகிரியில் படுக்க வைத்து, 12வது விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடைவெளி விரியும்படி மேஜையை மடக்குங்கள். முதல் துளை இடுப்பெலும்பு விளிம்புக்குச் சற்று மேலே, நடு அக்குள் கோட்டில். முதுகெலும்பை ஒட்டிய சோவாஸ் தசையை விரலால் தொட்டு உறுதி செய்த பிறகு, இடம் உண்டாக்கும் பலூனை உள்ளே விட்டு, கேமராவில் பார்த்தபடியே விரியுங்கள். முன்பக்கத் துளை போடுமுன் பெரிடோனியத்தை (குடலை மூடிய சவ்வை) நன்றாக முன்னோக்கித் தள்ளியாக வேண்டும். இதில் அவசரப்பட்டால் அது கிழியும். இடம் விரியச் செலுத்திய வாயு வயிற்றுக்குள் போய் இடம் சுருங்கும். கிழிந்துவிட்டால் வயிற்றுக்குள் ஒரு ஊசி வைத்து வாயுவை வெளியேற்றுங்கள். துளைகளுக்கு இடையே 6 முதல் 8 செ.மீ. இருக்கட்டும்.

சிறுநீரக உறைக்கு வெளியே உள்ள கொழுப்பை முதலில் அகற்றுங்கள். திரையில் சோவாஸ் எப்போதும் கிடையாகத் தெரிய வேண்டும். அது சாய்ந்தால் திசை தவறும். வலப்பக்கத்தில் பெருஞ்சிரையைச் சிறுநீரகச் சிரை என்று நினைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. சந்தேகம் இருக்கும்வரை எதையும் கிளிப் போடாதீர்கள்.

கேள்வி: கட்டியை வெட்டும்போது சிறுநீரகத்துக்கான ரத்த ஓட்டத்தை எவ்வளவு நேரம் நிறுத்தலாம்?

பதில்: 25 நிமிடத்துக்குள் முடிப்பது வழக்கமான இலக்கு. அல்ட்ராசவுண்டில் கட்டியின் விளிம்பைக் குறித்து, தையல்களைத் தயாராக வைத்துக்கொண்டு, அதன் பிறகே தமனியைத் தற்காலிகமாக அடைக்கும் புல்டாக் கிளாம்ப் போட வேண்டும். உள் தையல் முடிந்ததும் கிளாம்பை எடுத்துவிட்டு வெளித் தையலைப் போடலாம். நிமிடக் கணக்கோடு, எவ்வளவு நல்ல திசு மிஞ்சுகிறது என்பதும் முக்கியம். இறுக்கித் தைத்தால் அதுவும் செத்துப்போகும்.

கேள்வி: இதே அறுவை முடிந்து அம்மா வீடு திரும்பிப் பத்து நாள் ஆகிறது. இன்று சிறுநீரில் ரத்தம். தையல் பிரிந்துவிட்டதா?

பதில்: இப்போதே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். முதல் இரண்டு வாரத்தில் இப்படி வந்தால், வெட்டிய இடத்துத் தமனி பலூன்போல் புடைத்துக் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ரத்தக்குழாய் சி.டி.யில் பெரும்பாலும் தெரிந்துவிடும். தொடை வழியாகக் குழாய் செலுத்தி அந்தக் கிளையை மட்டும் அடைப்பார்கள். அந்த வசதி உள்ள மருத்துவமனையாகப் பார்த்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.