அப்பாவின் பதினோராம் நாள்

அன்புள்ள ஐயா,

ரப்பர்த் தோட்டத்து ஒட்டுக்கடையைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். விடியாத இருட்டு, தேத்தண்ணிக் குவளைகள், ஒரே தீக்குச்சியில் மூன்று பேர் சிகரெட் பற்றவைத்துக்கொள்வது எல்லாம் அழகாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அந்த மூன்று பேரில் ஒருவர் என் அப்பா.

எங்களுக்கு மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். அப்பாவுக்கு 61 வயது. 16 வயதில் பால்மரம் வெட்டப் போனபோது பழகியது. தோட்டம் செம்பனைக்கு மாறியது, அவர் லாரி ஓட்டப் போனார், இப்போது அந்த வேலையையும் விட்டாயிற்று. சிகரெட் மட்டும் நாளுக்கு ஒரு பெட்டி. இரண்டு வருடமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஒருமுறை 11 நாள் விட்டார், பிறகு பழையபடி. கேட்டால் பதில் தயாராக இருக்கும். தாத்தா சுருட்டுப் பிடித்துக்கொண்டே 84 வயது வரை இருந்தாராம். பக்கத்து வீட்டுப் பெரியப்பா சிகரெட்டை விட்ட ஆறாம் மாதம் போய்விட்டாராம், விட்டதுதான் காரணமாம். கொசுவுக்கும் குளிருக்கும் பழகியதாம். இப்போது மைல்டு சிகரெட்தான் பிடிக்கிறாராம். "முனியாண்டிக்கே சுருட்டு வைக்கிறோம், எனக்கு மட்டும் என்னடா?" என்பார்.

தினம் பேப்பர் படிக்கிறவர் அவர். இது அறியாமையா, மனவுறுதி இல்லாமையா? உங்களைப் போன்றவர்கள் இதையெல்லாம் அழகாக எழுதுவது சரிதானா?

த., சுங்கை சிப்புட்

---

அன்புள்ள த.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது என்மேல் உள்ள வழக்கு. நான் 23 வருடம் புகைத்தவன். விட்டு வெகு நாளாகியும் அந்த ஒட்டுக்கடையை எழுதும்போது வலது கை விரல் இரண்டும் தாமாகவே கொஞ்சம் விலகிக்கொண்டன. அந்த ஏக்கம் கட்டுரையில் கலந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொய் எழுதவில்லை. அந்தக் காலை அழகாகத்தான் இருந்தது. உங்கள் அப்பா விட முடியாமல் தவிப்பதற்கு அந்த அழகும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எனக்கு 17 வயது. பள்ளி விடுமுறைக்குத் தோட்டத்தில் புல் வெட்டப் போனேன். மூன்றாம் நாள் இடைவேளையில், அதுவரை என்னை ஏறிட்டும் பார்க்காத ஒரு பெரியவர் பெட்டியை நீட்டி "இந்தா" என்றார். அவ்வளவுதான். வாங்கியதும் வட்டத்தில் எனக்கு ஓர் இடம் விட்டார்கள். மறுநாள் நான் நீட்ட வேண்டும், அது யாரும் சொல்லித்தராத கணக்கு. கையில் காசில்லாவிட்டால் கடன். கடன் இருக்கிறவரை உறவும் இருக்கும். சம்பளத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரே சிகரெட்டை நான்கு பேர் இழுத்திருக்கிறோம். நாலாவது ஆளுக்குப் பஞ்சுதான் மிச்சம், ஆனாலும் அவனை விட்டுவிட்டுப் பிடித்ததில்லை. இதில் ஒருவன் "எனக்கு வேண்டாம்" என்றால் மற்றவர்கள் காதில் அது சிகரெட்டைப் பற்றிய பேச்சாக விழாது. "பெரிய மனுஷன் ஆயிட்டான்" என்றுதான் விழும்.

அப்பாவின் பதில்களுக்கு வருகிறேன். கொசுவும் குளிரும் கேட்க நியாயமாக இருக்கும். நானும் சொல்லித் திரிந்தவன்தான். ஒருநாள் என் அம்மா கேட்டார்: "நானும் அதே நிரையிலதான் வெட்டினேன். என்னை மட்டும் கொசு கடிக்கலையா?" என்னிடம் பதில் இல்லை. பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஒன்றாக நின்று, ஒரே இருட்டில் மரம் வெட்டி, ஒரே அட்டைக்கடி பட்டவர்கள் பெண்கள். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ள மலேசிய ஆண்களில் புகைப்பவர்கள் 40.5 விழுக்காடு, பெண்களில் 1.2 விழுக்காடு. கொசு ஆண்பிள்ளைகளை மட்டும் தேடிப் போகாது. பெண்கள் யாருக்கும் அந்த வட்டத்தில் யாரும் "இந்தா" என்று நீட்டவில்லை, அதுதான் வித்தியாசம். (நியாயமாகச் சொன்னால், பாட்டிகளின் சுருக்குப்பையில் வெற்றிலையோடு புகையிலையும் இருந்தது. அவர்களுக்கு அது ஒரு தனி வட்டம்.)

தாத்தாவின் சுருட்டு வேறு சரக்கு. சுருட்டுப் புகை அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை உடையது, அதிலுள்ள நிக்கோட்டின் வாயின் உட்தோலிலேயே இறங்கிவிடும். நெஞ்சுக்குள் இழுக்க வேண்டியதில்லை, பல தாத்தாக்கள் இழுக்கவும் இல்லை. சிகரெட் புகை அப்படி இல்லை, நுரையீரல் வரை இழுத்தால்தான் அது வேலை செய்யும். அதற்காகச் சுருட்டு நல்லது என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், வாய்ப்புற்றுக்கு அதுவே போதும். இன்னொன்றும் உண்டு. 84 வரை இருந்த தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார், எல்லாரும் பார்த்தோம். 52-இல் போனவரை யார் பார்ப்பது? பிரிட்டனில் 1951-இல் தொடங்கி மருத்துவர்களையே ஐம்பது ஆண்டு தொடர்ந்து பார்த்த ரிச்சர்ட் டால் என்ற ஆராய்ச்சியாளரின் ஆய்வு, விடாமல் புகைத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை அந்தப் பழக்கமே கொன்றது என்று கண்டது. மீதிப் பாதியில்தான் நம் தாத்தாக்கள் இருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா கதை எல்லாத் தோட்டத்திலும் உண்டு, ஆள் மட்டும் மாறுவார். நம்மவர்கள் சிகரெட்டை எப்போது விடுகிறார்கள்? நெஞ்சு வலித்து, இருமலில் ரத்தம் வந்து, டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டிய பிறகுதான். நோய் முதலில் வந்தது, விட்டது அதற்கு அப்புறம். ஊர் அதைத் திருப்பிப் படிக்கிறது. விட்ட புதிதில் சிலருக்கு இருமல் கூடவும் செய்யும். புகையில் செயலிழந்து கிடந்த மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மறுபடி அசைந்து சளியை வெளியே தள்ளுவதால் வருவது அது. அதைப் பார்த்துவிட்டு "பார், உடம்புக்கு ஒத்துக்கல" என்று சாட்சி சொல்ல நாலு பேர் இருப்பார்கள்.

மைல்டு பேச்சு வெறும் ஏமாற்று. பஞ்சைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத துளைகள், அவற்றின் வழியே காற்று கலப்பதால் இயந்திரம் அளந்தால் நிக்கோட்டினைக் குறைவாகக் காட்டும். மனிதன் விரலாலும் உதட்டாலும் துளையை மூடிக்கொண்டு ஆழமாக இழுத்துத் தன் பங்கை வாங்கிவிடுவான். முனியாண்டிக்கோ நுரையீரல் கிடையாது. தவிர, அவருக்கு நாம் பூசைக்குப் பூசைதான் வைக்கிறோம், நாளுக்கு இருபது வைப்பதில்லை.

இவ்வளவையும் எழுதினேனே தவிர, இதில் ஒன்றையும் அப்பாவிடம் போய் வாதாட வேண்டாம். பேப்பர் படிக்கிற மனிதருக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். உடலில் ஏறிய நிக்கோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகும். அதன் பிறகு வரும் எரிச்சலை அடுத்த சிகரெட் அடக்கும், அதைத்தான் "டென்ஷன் குறையுது" என்கிறோம். கை முதலில் பெட்டிக்குப் போகிறது, காரணத்தை வாய் பிறகு தேடுகிறது. ஒரு காரணத்தை நீங்கள் உடைத்தால் அவர் இன்னொன்றைச் சொல்வார். அதில் நாற்பத்தைந்து வருட அனுபவம் அவருக்கு.

எனக்கும் ஒருமுறை ஒரு மருத்துவர் அறிவு புகட்டினார். "சாக ஆசையா உங்களுக்கு?" என்று கேட்டார். வெளியே வந்து வாகனம் நிறுத்துமிடத்தில் நின்று பற்றவைத்தேன், அவர்மேல் இருந்த கோபத்துக்கு.

மனவுறுதி இல்லை என்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த 11 நாள். சிகரெட்டை விட்டால் உடம்பு படும் பாடு முதல் இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்துக்குப் போகும். அதைத் தாண்டி இன்னும் எட்டு நாள் நின்றிருக்கிறார். அப்படியானால் பதினோராம் நாள் என்ன நடந்தது? நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் நான்கு முறை விட்டவன். மூன்றாம் முறை உடைந்தது ஒரு சாவு வீட்டில். கூடாரத்துக்கு அடியில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு சிகரெட்டையும் பிரித்து வைத்திருந்தார்கள். இறந்தவரின் தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்து நீட்டினார். அழுதுகொண்டே நீட்டினார். எப்படி வேண்டாம் என்பது?

2019-இல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை வந்தபோது, மூன்று மீட்டர் தள்ளித்தான் பிடிக்கலாம் என்றார்கள். எங்கள் ஊர்க் கடையில் ஒரு வாரத்துக்குள் நாற்காலிகளும் மூன்று மீட்டர் தள்ளிப் போய்விட்டன. புகைக்காத நான் மேசையில் தனியாகத் தேத்தண்ணி குடித்தேன், சிரிப்பெல்லாம் கால்வாய்க்கு அந்தப் பக்கம். அன்றைக்கு எனக்குச் சிகரெட் நினைப்பு வரவில்லை, அந்தப் பக்கம் போய் உட்காரத்தான் தோன்றியது. லாரியும் இல்லாத, தோட்டமும் இல்லாத உங்கள் அப்பாவுக்கு மிச்சமிருப்பது ஒருவேளை அந்த நாற்காலி மட்டும்தான்.

நான்காம் முறை எனக்கு உதவியது ஒரு நண்பன். அவனும் கூடவே விட்டான். கடையை மாற்றினோம், காலை நேரத்தை மாற்றினோம். அவன் ஒரு மாதத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டான், அது வேறு கதை. நீங்கள் அப்பாவோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து எவ்வளவு நாள் ஆகிறது? (நீங்கள் வேப், அதாவது மின்-சிகரெட், பிடிக்கிறீர்களா என்பது பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. நான் கேட்கவில்லை.)

மூச்சு வாங்குவதை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம். அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் புகைப்பதை நிறுத்துவதற்கான பிரிவு நடக்கிறது, அங்கே ஆலோசனையும் மருந்தும் உண்டு. தனியாக அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். அங்கே வழக்கமாக ஒரு கேள்வி கேட்பார்கள்: காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? ஃபாகர்ஸ்ட்ரோம் என்ற சுவீடன்காரர் பெயரில் உள்ள ஆறு கேள்விகளில் ஒன்று அது. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் பிடி பலமாக இருக்கிறது என்று பொருள், சும்மா "விட்டுடுங்கப்பா" என்பது போதாது, மருந்தும் வேண்டியிருக்கும். 61 வயதில் விட்டு என்ன ஆகப்போகிறது என்று அப்பா கேட்டால், டாலின் கணக்கில் 60-இல் விட்டவர்களுக்குச் சராசரியாக மூன்று ஆண்டு கூடக் கிடைத்தது என்று சொல்லலாம்.

அதற்கு முன்னால், கோபப்படாமல், அந்தப் பதினோராம் நாள் யார் வீட்டில், யார் நீட்டினார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.