ஒற்றை எண்ணுக்கும் +2 தானா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், சமன்பாடாகக் கொடுத்தால் தீர்த்துவிடுகிறாள். "அடுத்தடுத்த மூன்று ஒற்றை எண்களின் கூடுதல் 87" என்று வாக்கியமாக வந்தால் திணறுகிறாள். இரட்டை எண்ணுக்கு க, க + 2, க + 4 என்றால் ஒற்றைக்கு க, க + 1, க + 3 தானே என்கிறாள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: ஒற்றை என்றதும் 1, 3 என்று கை தானாக எழுதிவிடும். பலரும் செய்கிற தவறுதான். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். அவள் எழுதியதிலேயே க-வுக்கு 7 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 7, 8, 10 என்று வரும். 8-ம் 10-ம் எப்படி உள்ளே வந்தன என்று அவளே யோசிப்பாள். அப்புறம் 7, 9, 11 என்று எழுதி இடைவெளியை எண்ணட்டும். ஒற்றையோ இரட்டையோ, இடைவெளி 2 தான். எந்த வகை என்பதைத் தொடங்கும் எண் பார்த்துக்கொள்ளும்.

இப்போது 3க + 6 = 87. எனவே க = 27; எண்கள் 27, 29, 31. அவள் வழியில் போனால் 3க + 4 = 87, அதாவது 3க = 83. மூன்றால் வகுபடாது. அநேகமாக அங்கேதான் திணறியிருப்பாள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. நடு எண்ணை ந என்று வையுங்கள். மூன்றும் ந − 2, ந, ந + 2 ஆகும். கூட்டும்போது −2-ம் +2-ம் அடிபட்டுப்போக, 3ந = 87 மட்டும் மிஞ்சும். ந = 29, மனக்கணக்காகவே முடிந்துவிடும். ஐந்து எண்கள், ஏழு எண்கள் என்றாலும் இதே கதைதான். நான்கு எண்கள் என்றால் நடுவில் எண் இல்லை. பேசாமல் முதல் எண்ணிலிருந்தே தொடங்கலாம். அடுத்தடுத்த நான்கு முழுக்களின் கூடுதல் 4க + 6. அது 98 என்றால் 23, 24, 25, 26. 100 என்று கேட்டால்? க = 23.5 வரும்; அப்படி நான்கு முழுக்களே கிடையாது.

உண்மையான சிக்கல் வாக்கியத்தில் இருக்கிறது. "அடுத்தடுத்த மூன்று முழுக்களில் சிறியதன் மூன்று மடங்கு, பெரியதன் இரு மடங்கை விட 7 அதிகம்." எது அதிகம்? சிறியதன் மூன்று மடங்கு. அப்படியானால் 7-ஐ மற்ற பக்கத்தில் கூட்டினால்தான் இரண்டும் சமமாகும்:

3க = 2(க + 2) + 7

க = 11; எண்கள் 11, 12, 13. அடைப்புக்குறியை மறந்து 2க + 2 + 7 என்று எழுதினால் க = 9 வரும். பின்னம் இல்லாத, பார்க்க நல்ல விடை! ஆனால் 9, 10, 11-ஐக் கேள்வியில் வைத்தால் ஒரு பக்கம் 27, மறுபக்கம் 29. அதனால் விடையைத் தான் எழுதிய சமன்பாட்டில் சரிபார்த்துப் பயனில்லை, கேள்வியின் வாக்கியத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரிய வகுப்பில் கூடுதலுக்குப் பதில் பெருக்கற்பலன் வரும். அடுத்தடுத்த இரண்டு ஒற்றை முழுக்களின் பெருக்கற்பலன் 323 என்றால், இடையில் உள்ள இரட்டை எண்ணை ந என்று வைத்தால் (ந − 1)(ந + 1) = 323, அதாவது ந² = 324. ந = 18 என்றால் 17, 19. பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ந = −18 கூடப் பொருந்தும்; −19, −17 என்ற ஜோடியையும் எழுத வேண்டும். கேள்வியில் "மிகை" என்ற சொல் இருந்தால் மட்டும் அதை விட்டுவிடலாம்.